வாழ்நாள் தொடங்காத ரிவால்வர்

செப்டம்பர் 9, செவ்வாய்

இன்றைய தவறு: ரிவால்வரைச் சுட்டுப் பார்ப்பதற்கு முன்பே அதன் பதிவு அட்டையில் ‘முழுத் திருப்தி’ என்ற கட்டத்தில் டிக் அடித்துப் போன வாரமே தபாலில் போட்டுவிட்டது.

இப்படித் தவறிலிருந்து ஆரம்பிப்பது என் யோசனை அல்ல. செவ்வாயும் வியாழனும் மாலை ஆறு மணிக்கு நான் போகும் ஆயுதக் காவலர் உரிம வகுப்பில் திருமதி ஹோலம்பெக் போட்டிருக்கும் விதி. அவர் முப்பது வருஷம் ஷெரிப் அலுவலகத்தில் இருந்தவர். “தப்ப முதல்ல எழுதுங்க. கடைசில எழுதினா அது சாக்கா மாறிடும்” என்றார். முதலில் தவறு, பிறகு நடந்தது, முடிவில் மறுநாள் வேலை. வகுப்பில் பதினோரு பேர் இருக்கிறோம். மற்ற பத்துப் பேர் எழுதுகிறார்களா என்று தெரியவில்லை. நான் எழுதுகிறேன்.

அட்டையில் டிக் அடித்ததற்குக் காரணம் உண்டு. அதில் ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது.

ரிவால்வர் தேர்ஸ்டன்-பீல் கம்பெனியுடையது. மாடலின் பெயர் ‘ஸ்டெட்ஃபாஸ்ட்’. அசையாதவன் என்று பொருள். ஸ்டக்கியின் துப்பாக்கிக் கடையில் புதிதாக, எண்ணெய்க் காகிதம் பிரிக்காமல் வாங்கினேன். இன்று மதியம் சுடுதளத்தில் ஆறு தோட்டா போட்டு விசையை இழுத்தேன். முதல் தோட்டா வெடித்தது. இரண்டாவதும் வெடித்தது. மூன்றாவதற்கு சிலிண்டர் நின்றுவிட்டது. விசை பாதி தூரம் வந்து சுவரில் முட்டியது போல நின்றது. மறுபடி முயன்றேன். பன்னிரண்டு தடவை முயன்று பன்னிரண்டையும் குறித்து வைத்தேன். ஒரு தடவைகூட மூன்றாவது குண்டு போகவில்லை. என் பிடியில்தான் கோளாறோ என்று இடது கையாலும் பார்த்தேன். அவன் அசையவில்லை.

கடைக்காரர் பர்ள் ஸ்டக்கி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். தொடவில்லை.

“நான் தொட்டா வாரண்டி போச்சு தம்பி. ஆனா ஒண்ணும் கவலப்படாத. லைஃப்டைம் வாரண்டி. ஒரு போன் போடு, முடிஞ்சது.”

“முடிஞ்சதுன்னா எத்தனை நாள்?”

“ரெண்டு வாரம். நான் சொல்லல, கம்பெனி சொல்லுது.”

எனக்கு அவசரம் உண்டு. தகுதித் தேர்வு நவம்பர் 15. அதில் தேறினால் எங்கள் மாவட்டமான டாகெட் கவுண்டியின் நீதிமன்ற வாசலில் காவலர் வேலை, டிசம்பர் 1 முதல். அந்த வேலையில் மருத்துவ இன்சூரன்ஸ் உண்டு, ஜனவரி 1 முதல் செல்லும். என் மனைவி ஜூனிக்குப் பிரசவ நாள் ஜனவரி 20. நான் மூட்டை அடுக்கும் தீவனக் கடையில் இன்சூரன்ஸ் கிடையாது, தொப்பிதான் உண்டு. வேறு ரிவால்வரை இரவல் வாங்கவும் வழியில்லை. தேர்வு விண்ணப்பத்தில் ரிவால்வரின் எண்ணைப் போன வாரமே எழுதிக் கொடுத்துவிட்டேன். எண்ணை மாற்றினால் தொண்ணூறு நாள் காத்திருக்க வேண்டும். சுட்டுப் பார்க்காத துப்பாக்கியின் எண்ணை ஏன் எழுதிக் கொடுத்தேன் என்பதை இன்னொரு தவறாகப் பதிவு செய்திருக்க வேண்டும். ஒரு நாளுக்கு ஒன்று போதும் என்று திருமதி ஹோலம்பெக் சொல்லியிருக்கிறார்.

நாளைய வேலை: கம்பெனிக்குப் போன்.

செப்டம்பர் 10, புதன்

இன்றைய தவறு: போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

காத்திருப்பவர்களுக்கு மற்ற கம்பெனிகள் பாட்டுப் போடும். தேர்ஸ்டன்-பீல் துப்பாக்கிச் சத்தம் போடுகிறது. நாற்பது நொடிக்கு ஒரு குண்டு. நடுநடுவே நிறுவனரின் கொள்ளுப்பேரன் வந்து, “உங்கள் பொறுமை எங்கள் பாரம்பரியம்” என்கிறார். முதல் குண்டுக்கு எங்கள் நாய் பிஸ்கட் கட்டிலுக்கு அடியில் போனது. ஐம்பத்தேழு குண்டு எண்ணினேன். ஜூனி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சமையலறையிலிருந்து வந்தாள்.

“ஏமஸ், உன் துப்பாக்கிய விட உன் போன் நல்லா சுடுது. அத எடுத்துட்டுப் போய்ப் பரீட்ச எழுது.”

ஐம்பத்தெட்டாவது குண்டுக்கு ஆள் வந்தது.

“தேர்ஸ்டன்-பீல் மரபுப் பிரிவு, கார்லீன் பேசறேன். சொல்லுங்க கண்ணு.”

“மேடம், புது ரிவால்வர்ல ஒரு கோளாறு...”

“ஐயோ, அந்த வார்த்தைய நாங்க இங்க சொல்றதில்ல கண்ணு. அனுபவம்னு சொல்லுவோம். உங்களுக்கு என்ன அனுபவம் ஆச்சு?”

“மூணாவது குண்டுக்கு சிலிண்டர் நிக்குது. அந்த அனுபவம்.”

விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது.

“ஆனா நீங்க முழுத் திருப்தியோட இருக்கறதா இங்க இருக்கே?”

அட்டையைத் தபாலில் போட்டு ஐந்து நாள்தான் ஆகிறது. ரிவால்வரை விடத் தபால் நன்றாக வேலை செய்கிறது.

“அது சுடறதுக்கு முன்னால போட்டது மேடம்.”

“எல்லாரும் அப்பத்தான் போடுவாங்க. சுட்டதுக்கு அப்பறம் போட்டவங்க இன்னிக்கு வரைக்கும் ஒருத்தருமில்ல. நான் பதினாறு வருஷமா இந்த சீட்லதான் இருக்கேன்.”

திருப்தியோடு இருப்பவரின் துப்பாக்கியை வாரண்டியில் எடுக்க விதி இல்லையாம். முதலில் என் திருப்தியை நான் வாபஸ் வாங்க வேண்டும். அதற்கு ‘மனமாற்ற உறுதிமொழி’ என்று ஒரு படிவம். நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டு, ஏன் மனம் மாறினேன் என்று முப்பது வார்த்தைக்கு மிகாமல் எழுதி அனுப்ப வேண்டும்.

“‘கோளாறு’ன்னு எழுதிடாதீங்க கண்ணு. திருப்பி அனுப்பிடுவாங்க.”

நாளைய வேலை: வங்கியில் நோட்டரி. முப்பது வார்த்தை.

செப்டம்பர் 11, வியாழன்

இன்றைய தவறு: முப்பத்தொரு வார்த்தை எழுதினேன். எண்ணிப் பார்த்து ‘மிகவும்’ என்பதை அடித்தேன். பிறகு அதுதான் முக்கியமான வார்த்தை என்று தோன்றி, ‘தயவுசெய்து’ என்பதை அடித்துவிட்டு ‘மிகவும்’ என்பதை மறுபடி சேர்த்தேன்.

வங்கியில் நோட்டரி அம்மாள் என்னை வலது கையைத் தூக்கச் சொன்னார்.

“நீங்க திருப்தியா இல்லன்னு சத்தியம் பண்றீங்களா?”

“பண்றேன்.”

“முழுசா இல்லையா, பாதி இல்லையா?”

நேர்மையாக யோசித்தேன். இரண்டு குண்டு போகிறதே. “மூணுல ரெண்டு பங்கு இல்ல” என்றேன். வரிசையில் நின்றவர்களும் யோசித்தார்கள். அவர் முத்திரை குத்தினார்.

நாளைய வேலை: தபால்.

செப்டம்பர் 25, வியாழன்

இன்றைய தவறு: பார்சல் அலுவலகத்தில் உண்மை பேசினேன்.

மனமாற்றம் அங்கீகரிக்கப்பட்டு, கம்பெனி லேபிள் அனுப்பியிருந்தது. கவுண்டரில் இருந்தவர் லேபிளையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

“துப்பாக்கியா?”

“ஆமாங்க.”

“சுடுமா?”

“ரெண்டு தடவ சுடும்.”

“‘சுடும்’, ‘சுடாது’ன்னு ரெண்டு கட்டந்தான் இருக்கு.”

“சுடாதுன்னு போடுங்க.”

“சுடாதுன்னா இது இரும்புச் சாமான். இரும்புச் சாமானுக்குத் துப்பாக்கி லேபிள் ஒட்ட எனக்கு அதிகாரம் கிடையாது.”

“சரி, சுடும்னு போடுங்க.”

“சுடும்னா எதுக்கு ரிப்பேருக்கு அனுப்பறீங்க? நல்லா இருக்கற துப்பாக்கிய ரிப்பேர்னு சொல்லி அனுப்பினா பொய்த் தகவல். அதுக்குத் தனிப் படிவம் இருக்கு, வேணுமா?”

எனக்குப் பின்னால் பூசணிக்காயை அணைத்துக்கொண்டு நின்ற பெண்மணி, “முயற்சி பண்ணும்னு எழுதுங்களேன், பாவம்” என்றார். கவுண்டர்காரர் கொஞ்ச நேரம் யோசித்து, இரண்டு கட்டத்துக்கும் நடுவில் ‘சுட முயலும்’ என்று எழுதினார். பார்சல் போனது.

அக்டோபர் 14, செவ்வாய்

இன்றைய தவறு: பெட்டி வந்த சந்தோஷத்தில் கடிதத்தைப் படிக்காமல் ஜூனியைத் தூக்கிச் சுற்றினேன். ஏழாவது மாதத்தில் அப்படிச் செய்யக் கூடாது. என் முதுகுக்கும் அது நல்லதில்லை.

ரிவால்வரைப் பளபளவென்று துடைத்திருந்தார்கள். கூடவே ஒரு தொப்பி. கடிதத்தில்: “தங்கள் ஸ்டெட்ஃபாஸ்ட் எங்கள் தலைமை வல்லுநரால் சுட்டுச் சோதிக்கப்பட்டது. இரண்டு குண்டுகளும் குறை ஏதுமின்றிச் சென்றன. தங்கள் திருப்தி மீட்டளிக்கப்பட்டுள்ளது.”

சுடுதளத்துக்குப் போனேன். ஒன்று. இரண்டு. சுவர்.

போன் செய்தேன். நாயை முதலில் வெளியே விட்டேன். முப்பத்தொன்பது குண்டு.

“மேடம், ரெண்டே ரெண்டு குண்டு சுட்டுப் பாத்திருக்காங்க. எனக்கு மூணாவதுலதானே பிரச்சன... மூணாவதுலதானே அனுபவம்?”

“கம்பெனி ஒரு சர்வே எடுத்துச்சு கண்ணு. ஒரு சராசரி அமெரிக்கருக்கு ஒரு ஆபத்து வந்தா ரெண்டு புள்ளி மூணு குண்டு செலவாகுது. புள்ளி மூண சோதிக்க மிஷின் இல்ல. அதனால ரெண்டோட நிறுத்திடுவோம்.”

“ஆறு ஓட்டை இருக்கே மேடம்?”

“ஆறு இருக்கறது பாரம்பரியம்.”

பரீட்சையில் எட்டு முறை ஆறாறாக நாற்பத்தெட்டு குண்டு சுட வேண்டும் என்று விளக்கினேன். கார்லீன் உண்மையிலேயே வருத்தப்பட்டார். என் பிரச்சினையை ‘மனித அம்சம்’ பிரிவுக்கு மாற்றுவதாகச் சொன்னார். அங்கே என் வலது கையைக் காகிதத்தில் வைத்துப் பென்சிலால் வரைந்து அனுப்ப வேண்டும்.

ஜூனிதான் வரைந்தாள். என் சுண்டுவிரலைச் சுற்றும்போது சிரித்துச் சிரித்து அவள் கை வழுக்கிவிட்டது.

“இதோட ஒரு காதுக்கும் படம் போட்டு அனுப்பு. சத்தம் சரியா கேக்கலையோ என்னமோ.”

நாளைய வேலை: கையைத் தபாலில் போட வேண்டும்.

அக்டோபர் 30, வியாழன்

இன்றைய தவறு: கம்பெனி சொன்னதை நம்பினேன். முழுதாக நாலு மணி நேரம்.

மனித அம்சம் பிரிவு எழுதியிருந்தது: என் ஆட்காட்டி விரல், ஸ்டெட்ஃபாஸ்ட் வடிவமைக்கப்பட்ட விரலை விட மூன்று மில்லிமீட்டர் குட்டை. ஆகவே இது விரலின் அனுபவம். வாரண்டி விரல்களுக்குப் பொருந்தாது.

தீவனக் கடையில் மதியம் முழுக்க மூட்டைகளுக்கு நடுவே விரலை இழுத்து இழுத்துவிட்டுக்கொண்டிருந்தேன். முதலாளி பார்த்துவிட்டு இன்றைக்கு என்னைக் கோழித்தீவனம் பக்கம் விடவில்லை. ரிவால்வர் யாருடைய விரலுக்காக வடிவமைக்கப்பட்டது என்று கடிதத்தின் அடிக்குறிப்பில் போட்டிருந்தது. நிறுவனரின் விரல். அவர் இறந்து தொண்ணூறு வருஷம் ஆகிறது.

மாலை வகுப்புக்குப் போகும் வழியில் பர்ள் ஸ்டக்கியிடம் காட்டினேன். அவர் விரல் என்னுடையதை விட நீளம். வாரண்டிக்கு ஆபத்து வராதபடி கையுறை போட்டுக்கொண்டு கடையின் பின்கட்டில் சுட்டார். ஒன்று. இரண்டு. சுவர். என் மனம் அடைந்த நிம்மதியைச் சொல்ல முடியாது.

அங்கிருந்தே கார்லீனைக் கூப்பிட்டேன்.

“கண்ணு, உங்களுக்காக நான் வாரண்டி விதிப் புத்தகத்தையே எடுத்துப் பாத்தேன். லைஃப்டைம் வாரண்டின்னா ரிவால்வரோட லைஃப்டைம். ரிவால்வரோட வாழ்நாள் எப்ப தொடங்குதுன்னா, முதல் முழுச் சுற்று முடிஞ்ச உடனே. ஆறு குண்டும் போயி சிலிண்டர் ஒரு சுத்து வரணும்.”

“அதுதானே வரமாட்டேங்குது?”

“அதனால உங்க ரிவால்வர் இன்னும் பொறக்கல. வாரண்டியும் ஆரம்பிக்கல. ஆரம்பிக்காததுல நாங்க எப்படிக் கை வைக்கறது?”

“மேடம், ஆறு குண்டு போனா நான் ஏன் உங்கள கூப்பிடப் போறேன்?”

“அதான் கண்ணு. கூப்பிடறவங்க எல்லாருக்கும் இதே நிலமதான்.”

வீட்டுக்கு வந்து ஜூனியிடம் சொன்னேன். அவள் பாத்திரம் கழுவுவதை நிறுத்தினாள். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

“இவனும் இன்னும் பொறக்கலதான். அதுக்காக டாக்டர் பாக்க மாட்டேன்னா சொல்றாரு? இன்னும் பதினாறு நாள் இருக்கு ஏமஸ். எனக்கு வேற எதுவும் வேணாம். ஜனவரில ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு, இன்சூரன்ஸ் கார்டு இருக்கா இல்லையான்னு அவங்க கேக்கும்போது நான் தலையக் குனியக் கூடாது. அவ்வளவுதான்.”

நான் துடைக்கும் துணியை எடுத்துக்கொண்டேன்.

தொழிற்சாலைக்கு நேரில் போகச் சொன்னது பர்ள். வாரண்டி ஜன்னலில் வாடிக்கையாளர்களை விடமாட்டார்களாம். ஆனால் சுற்றுலாப் பயணிகளை விடுவார்களாம். முடிவில் கேள்வி கேட்கலாமாம்.

நாளைய வேலை: சுற்றுலாச் சீட்டு.

நவம்பர் 7, வெள்ளி

இன்றைய தவறு: கைதட்டினேன்.

தொழிற்சாலை இருக்கும் நியூ ஹேவர்ஷம் எங்கள் மாநிலத்தின் மறுகோடியில் இருக்கிறது. காலை நாலரைக்குக் கிளம்பி ஒன்பதரைக்குப் போய்ச் சேர்ந்தேன். துப்பாக்கித் தொழிற்சாலையின் வாசலில் ‘உள்ளே துப்பாக்கி கொண்டு வரக் கூடாது’ என்று எழுதியிருந்தது. ரிவால்வரை வண்டியிலேயே பூட்டி வைத்துவிட்டு வரிசையில் நின்றேன்.

சுற்றுலா நன்றாகவே இருந்தது. நிறுவனரின் தொப்பி, நாற்காலி, விரலின் வெண்கல வார்ப்பு. விரல் உண்மையிலேயே நீளம்தான். பிறகு பெரிய கூடம். அங்கே இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு பலகை.

குறையற்ற நாட்கள்: 13,412

பலகைக்குக் கீழே ‘பாரம்பரியம் மற்றும் நம்பிக்கை’ துணைத்தலைவர் பிரெஸ்காட் தேர்ஸ்டன் நின்றார். போனில் பொறுமையைப் பற்றிப் பேசும் அதே குரல்.

“நண்பர்களே, முப்பத்தாறு வருஷத்துக்கு மேல ஆச்சு, நாங்க வாழ்நாள் வாரண்டி குடுக்க ஆரம்பிச்சு. மத்த கம்பெனிங்க வாரண்டி குடுக்கறாங்க. அப்பறம் ரிப்பேர் பண்ணிப் பண்ணி அத தேய்ச்சுடறாங்க. எங்க வாரண்டி அப்படியே புதுசா இருக்கு. முப்பத்தாறு வருஷத்துல ஒரே ஒரு ரிவால்வரக்கூட நாங்க பழுது பாத்ததில்ல. ஏன்னா, பழுது பாத்தா பழுது இருந்ததா ஆயிடும். வாடிக்கையாளர் மனசுல அந்தக் காயத்த உண்டாக்க எங்களுக்கு மனசு வரல. ஒரு ரிவால்வர் சரி பண்றது சுலபம், நண்பர்களே. எந்த மெக்கானிக்கும் பண்ணுவான். ஆனா ஒரு எண்ணிக்கைய முப்பத்தாறு வருஷம் காப்பாத்தறது? அதுக்குத்தான் தலைமை வேணும்.”

எல்லோரும் கைதட்டினார்கள். அவ்வளவு அழகாகப் பேசினார். என் கையும் தட்டியது.

பிறகு கேள்வி நேரம். கையைத் தூக்கினேன்.

“சார், மூணாவது குண்டுக்கு நிக்கற ரிவால்வர என்ன பண்றது?”

தேர்ஸ்டன் புன்னகை மாறாமல் என் அருகில் வந்து தோளில் கை வைத்தார்.

“ரொம்ப நல்ல கேள்வி. உங்கள மாதிரி ஆர்வம் உள்ளவங்கதான் எங்க சொத்து. இவருக்கு ஒரு தொப்பி குடுங்க.”

தொப்பியோடு இரண்டு பேர் என்னைப் பின்வாசல் வழியாக வெளியே கொண்டுவந்து விட்டார்கள். மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். ஒருவர், “ஆர்வம் உள்ளவங்க இந்தப் பக்கமாத்தான் போவாங்க சார்” என்று கதவைப் பிடித்துக்கொண்டார்.

மணி பதினொன்று ஐம்பது. பின்புறம் ஊழியர்களின் வண்டி நிறுத்துமிடம். ஆனால் பாதி வண்டிகளில் வெளி மாநில நம்பர் பலகை. நெப்ராஸ்கா, கென்டக்கி, டெக்சாஸ்கூட இருந்தது. ஆட்கள் மடக்கு நாற்காலி போட்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சிலர் தலையில் என் தலையில் இருந்த அதே தொப்பி. ஏதோ பிக்னிக் போலிருக்கிறது என்று நினைத்து, “மன்னிக்கணும், வழி தெரியாம வந்துட்டேன்” என்றேன்.

“மூணாவது குண்டா?” என்றார் நெப்ராஸ்காக்காரர்.

“ஆமா.”

“கடைசில நில்லு. எனக்கு இது ரெண்டாவது துப்பாக்கி. பன்னண்டுக்கு மணி அடிச்சா வந்துடுவாங்க.”

வண்டியைப் பின்பக்கம் கொண்டுவந்து, ரிவால்வரை எடுத்துக்கொண்டு கடைசியில் நின்றேன். மணி அடித்தது. நீல மேலங்கி போட்ட ஒரு பெண்மணி முட்டை சாண்ட்விச்சைக் கடித்தபடி வந்து ஒரு பிக்கப் வண்டியின் பின்பலகையைத் திறந்து உட்கார்ந்தார். பையிலிருந்து ஒரு சின்ன அரம், பூதக்கண்ணாடி, பல் விளக்கும் பிரஷ். பெயர் டெல்ஃபின் ரூட். உள்ளே அவர்தான் இறுதிச் சோதனையாளர் என்று நெப்ராஸ்காக்காரர் சொன்னார். ஒவ்வொருவருக்கும் நாலு நிமிடம். என் முறை வந்தபோது பன்னிரண்டு நாற்பது.

“குண்டு இல்லையே?” என்று கேட்டுவிட்டு, நான் சொன்னதை நம்பாமல் தானே திறந்து பார்த்தார். சிலிண்டரின் பின்னால் இருக்கும் நட்சத்திரச் சில்லைத் தூக்கி எனக்குக் காட்டினார்.

“இங்க பாரு. இந்த மூணாவது பல்லுல ஒரு பிசிறு. மயிர் அளவு. கட் பண்ற மிஷின் அங்க வந்ததும் ஒரு தும்மல் தும்மும். ஆறு வருஷமா தும்முது.”

“மிஷின சரி பண்ணக் கூடாதா மேடம்?”

“சரி பண்ணினா ஆறு வருஷத்துச் சரக்கும் கணக்குக்கு வந்துடும். பலகைய பாத்தியா? அது பூஜ்யத்துக்குப் போச்சுன்னா கிறிஸ்துமஸுக்கு இருநூத்தி எழுபது குடும்பத்துக்குக் கம்பெனி குடுக்கற பன்னித்தொட ஹாம் கிடையாது. பெரிய ஹாம் தம்பி. எலும்போட.”

அரத்தை மூன்று தடவை இழுத்தார். பிரஷால் தட்டினார்.

“இத நீங்க உள்ளயே, முத்திர குத்தறதுக்கு முன்னாலயே பண்ணிட்டா?”

“உள்ள எனக்கு ஒரு ரிவால்வருக்குப் பதினோரு செகண்ட். முத்திர குத்த ஒம்போது செகண்ட் ஆயிடும். அதனால உள்ள முத்திர, வெளிய வேல. புடி. கல்குவாரிக்குப் போயி சுட்டுப் பாரு. நின்னா ஒரு மணிக்குள்ள வா. ஒரு மணிக்கு மேல நான் கம்பெனி ஆளு.”

எல்லோரும் அவருக்குக் கூலியாகப் ‘பை’ என்ற இனிப்புப் பலகாரம் கொண்டுவந்து கொடுத்திருந்தார்கள். ஆப்பிள் பை, பெக்கான் பை. நான் ஒன்றும் கொண்டு போகவில்லை. ஜூனி கட்டிக் கொடுத்திருந்த மாட்டிறைச்சி சாண்ட்விச்சை நீட்டினேன். முகர்ந்து பார்த்து, “கடுகு தாராளமா போட்டிருக்கா. நல்ல பொண்ணு” என்று எடுத்துக்கொண்டார்.

கல்குவாரி இரண்டு மைல். அங்கே ஏற்கெனவே ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ஒவ்வொருவராகப் போய் மண்மேட்டைப் பார்த்துச் சுடுகிறார்கள். மற்றவர்கள் பின்னால் நின்று சத்தமாக எண்ணுகிறார்கள். என் முறை வந்தது. விசையில் விரலை வைத்தேன். குட்டை விரல்தான்.

“ஒண்ணு” என்றார்கள். “ரெண்டு.” விசையை மறுபடி இழுத்தேன்.

மூன்று போனது. நாலு, ஐந்து, ஆறு. முன்பின் தெரியாத ஆட்கள் என்னைக் கட்டிப்பிடித்தார்கள். கென்டக்கிக்காரர் ஒருவர், “பொறந்துட்டான்யா!” என்று கத்தினார்.

நாளைய வேலை: இன்னும் நூறு குண்டு. பல்லைத் துடைத்து எண்ணெய் போட வேண்டும்.

நவம்பர் 15, சனி

இன்றைய தவறு: தேர்வுப் படிவத்தில் ஒரு கேள்விக்கு ஆறு நிமிடம் எடுத்துக்கொண்டேன். ‘இந்த ஆயுதத்தில் தொழிற்சாலை ஊழியர் அல்லாத எவரேனும் வேலை செய்ததுண்டா?’ இல்லை என்று எழுதினேன். அது உண்மைதான். ஆனால் டெல்ஃபின் ரூட் பன்னிரண்டு நாற்பதுக்கு ஊழியரா இல்லையா என்பது எனக்கு இன்னும் தெளிவாகவில்லை.

நாற்பத்தெட்டு குண்டும் போயின. முப்பத்தெட்டு இலக்கில் பட வேண்டும். நாற்பத்திரண்டு பட்டது. திருமதி ஹோலம்பெக் அட்டையைப் பார்த்துவிட்டு, “ஆறு குண்டு எங்க போச்சு, அத எழுது” என்றார். எழுதினேன்: இடது பக்கம்.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி தேறிவிட்டேன் என்று அந்தக் குட்டை விரலை உயர்த்திக் காட்டினேன். ஜூனி ஜன்னலுக்குப் பின்னால் நின்று முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.

நவம்பர் 30, ஞாயிறு

இன்றைய தவறு: புதன்கிழமை நடந்ததை இன்றுதான் எழுதுகிறேன். நடுவில் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை வந்துவிட்டது, வான்கோழி இருந்தது. ஆனாலும் காரணம் வான்கோழி இல்லை. எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

புதன்கிழமை நீதிமன்றத்தில் புதுக் காவலருக்கான அறிமுகம். கவுண்டியின் பாதுகாப்பு அதிகாரி திரு. ஓல்ட்ராய்ட் எனக்கு வாசல், உலோகம் கண்டுபிடிக்கும் சட்டகம், காபி இயந்திரம் எல்லாம் காட்டினார். கடைசியில் வாசல் மேஜையின் கீழே ஒரு இரும்பு இழுப்பறை.

“காலைல வந்ததும் ரிவால்வர இதுல வெச்சுடணும். பூட்டிச் சாவிய ரெண்டாவது மாடில கிளார்க்கிட்ட குடுக்கணும். தோட்டா நம்ம கட்டடத்துலயே இருக்கக் கூடாது. அது எதிர்த்தாப்புல, வரி ஆபீஸ்ல இருக்கும். சாயங்காலம் சாவிய வாங்கி ரிவால்வர எடுத்துட்டு வீட்டுக்குப் போகலாம்.”

“அப்ப பகல் முழுக்க...?”

“பகல் முழுக்க நீங்க ஆயுதக் காவலர்.”

“சார், ஆயுதம் இழுப்பறைல இருக்குமே?”

“கவுண்டிக்கு இன்சூரன்ஸ் குடுக்கற கம்பெனி, குண்டு போட்ட துப்பாக்கி கட்டடத்துல இருந்தா நம்மள கழட்டிவிட்டுடும் ஏமஸ். உங்க இன்சூரன்ஸும் சேந்துதான் போகும்.”

உடனே எனக்கு அந்த விதி மிகவும் நியாயமாகப் பட்டது. ஆனாலும் கேட்டேன்.

“அப்ப நாற்பத்தெட்டு குண்டு சுடற பரீட்ச எதுக்கு சார்?”

திரு. ஓல்ட்ராய்ட் என்னைக் கொஞ்சம் ஏமாற்றத்தோடு பார்த்தார்.

“சுடத் தெரியாதவன நம்பி அவ்வளவு பெரிய இழுப்பறைய ஒப்படைக்க முடியுமா?”

ஜூனியிடம் சொன்னேன். ரிவால்வரை இனி யாருமே சுடப்போவதில்லை என்று கேட்டதும் அவள் சோபாவில் சாய்ந்து சிரித்தாள். வயிறு குலுங்கியது. நாய் பயந்து எழுந்து நின்றது. “போதும், போதும், இப்பவே வெளிய வந்துடப் போறான். கார்டு வர்ற வரைக்கும் உள்ளயே இருடா” என்று வயிற்றைத் தட்டினாள்.

நாளைய வேலை: ஏழு மணிக்கு நீதிமன்றத்தின் பக்கவாசல். முதலில் பணியாளர் அலுவலகத்தில் மருத்துவ இன்சூரன்ஸ் படிவம். ஜூனியின் பிறந்த தேதி, டாக்டர் பெயர் சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். ரசீது கையில் வந்த பிறகு ரிவால்வரை இழுப்பறையில் வைத்துப் பூட்ட வேண்டும்.